ஆட்டு ரோமத்தில் ஒரு நாட்டின் வரலாறு... ரயிலில் வரும் விருந்தாளிகள்!

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் கலாஷீல்ஸ் வந்துவிடும். சுற்றிலும் செம்மறி ஆடுகள் மேயும் குன்றுகள்; ஊர் நடுவே கலா ஆறு. அந்த ஆற்று நீரின் விசையில்தான் ஒருகாலத்தில் இங்கே கம்பளி ஆலைகள் ஓடின. 'ட்வீட்' எனப்படும் கனமான கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ஊர் இது.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1969 ஜனவரியில் ரயிலும் நின்றது. கடைசி ரயில் வந்த இரவில், அதே பாதையிலிருந்த நியூகாசில்டன் கிராம மக்கள் ரயில்வே கேட்டைப் பூட்டி வண்டியை மறித்தார்கள். பலனில்லை. 46 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில்தான் எடின்பரோவிலிருந்து கலாஷீல்ஸ் வழியாக ட்வீட்பேங்க் வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது.

ரயில் வந்தால் மட்டும் போதுமா? உள்ளூர்க்காரர்கள் வேலைக்கும் கடைக்கும் தலைநகருக்குப் போக வசதிதான். ஆனால், வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து இறங்க ஒரு காரணம் வேண்டுமே!

1,000 பேரின் கைவேலை

அந்தக் காரணமும் கம்பளி நூலாகவே வந்தது. எழுத்தாளர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் யோசனைக்கு, ஓவியர் ஆண்ட்ரூ க்ரம்மி படம் வரைந்து கொடுத்தார். நாடெங்குமிருந்து சுமார் 1,000 பேர், லினன் துணியில் கம்பளி நூலால் 160 சித்திரங்களைத் தைத்து முடித்தார்கள். மொத்த நீளம் 143 மீட்டர். பெயர், 'தி கிரேட் டேப்பிஸ்ட்ரி ஆஃப் ஸ்காட்லாந்து'. டேப்பிஸ்ட்ரி என்பது தறியில் நெய்வது. இதுவோ ஊசியால் தைத்த எம்பிராய்டரி.

நாட்டின் வரலாறு முழுவதும் இதில் இருக்கிறது. ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட சோகமும் உண்டு. 1996-ல் குளோனிங் முறையில் பிறந்த 'டாலி' ஆடும் உண்டு.

கடைவீதியில் புது வீடு

2013-ல் நாடாளுமன்றத்தில் முதலில் வைக்கப்பட்ட இந்தச் சித்திரங்கள், நிலையான இடமில்லாமல் பல ஊர்களைச் சுற்றின. ரயில் பாதை முடியும் ட்வீட்பேங்கில் கட்டடம் கட்டலாம் என்றுதான் முதலில் பேசப்பட்டது. கடைசியில் கலாஷீல்ஸ் ஊரின் மையத்தில், ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில், 2021 ஆகஸ்டில் அரங்கம் திறக்கப்பட்டது.

இந்த இட மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலிலேயே கட்டியிருந்தால், வந்தவர்கள் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பியிருப்பார்கள். கடைவீதியில் இருப்பதால், ஊருக்குள் நடந்துதான் அரங்கத்துக்குப் போக வேண்டும். போகிற வழியில் டீக்கடைக்கும் துணிக்கடைக்கும் நாலு காசு கிடைக்கிறது.