இரண்டு ஆள் வேலை: கியா பார்மில் குடும்பமும் பழுதுபார்ப்பும்

கியா பார்ம், மலேசியாவின் பகாங் மாநிலத்தில் கேமரன் மலையின் மேற்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பிரிஞ்சாங் நகரத்தைத் தாண்டி வடக்கே சிறிது தூரம் ஏறினால் சாலையோரக் காய்கறிச் சந்தை வந்துவிடும். அதற்குச் சற்று அப்பால் ‘போ’ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பாதை பிரிகிறது. இந்த மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. 1978 பிப்ரவரி 1 அன்று இங்கே 7.8 பாகை வரை குளிர் இறங்கியது பதிவாகியிருக்கிறது. இந்த ஈரமும் குளிரும் தேயிலைக்கு நல்லவை. பலகைக்கும் தகரத்துக்கும் ஆணிக்கும் கம்பிக்கும் கேடு. ஆகவே பழுதுபார்ப்பது இங்கே எப்போதாவது வரும் வேலையாக இல்லை. சமையலையும் துவைப்பதையும் போல அதற்கும் ஒவ்வொரு வாரமும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

அந்த நேரத்தை ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிட்ட இளந்தம்பதியர். கூடப் பிறந்தவர்கள் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஏணியில் ஏறும் வயது கடந்துவிட்டது. மணமான இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வீட்டுக் கூரையும் தண்ணீர்க் குழாயும் வண்டியும் மாமனார் மாமியாரின் மருந்துச் சீட்டும் அந்த இருவர் பொறுப்பாகிவிடுகின்றன. இதற்கு எந்தத் தோட்டக் கிராணியின் (எழுத்தரின்) கணக்கிலும் பேர் விழுவதில்லை. ஆனால் இந்த உழைப்பு நின்றால் ஒரு மழைக்காலத்திலேயே வீடு குடியிருக்க முடியாததாகிவிடும்.

இந்த வீடுகளுக்கு ஏன் ஓயாத பழுது என்பதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைமேல் உள்ள தானா ராத்தாவுக்குச் சாலை முடிந்தது 1931-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். கோவேறு கழுதைகளையும் ஒரே ஒரு நீராவி உருளையையும் வைத்துக்கொண்டு காடு திருத்திய கதையை அந்த நிறுவனம் இன்றும் சொல்கிறது. அந்தக் கழுதைகளோடு மலையேறியவர்களில் தமிழர்கள் பலர். தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்கு முன் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும்தான் இன்று இங்கே குடும்பம் நடத்தும் தமிழர்களில் பலர். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் வரிசை.

தோட்டத்துக் குடியிருப்புகளைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் 1990-இல் வகுத்தது. 2019-இல் அதைத் திருத்தி மற்றத் துறைகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். சட்டம் நல்ல சட்டம். ஆனால் அது காப்பது வேலையில் இருப்பவரை. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும் என்பது தோட்டத்து நடைமுறை. முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கைக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லாமல் போவது அநியாயம். மலேசியத் தோட்டத் தொழிலாளர்களின் சொந்த வீட்டுக் கோரிக்கை இந்த அநியாயத்திலிருந்துதான் எழுந்தது. தோட்டத்தை விட்டு இறங்கிய குடும்பங்கள் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கோ வாடகை வீட்டுக்கோ, காய்கறித் தோட்டத்தின் ஓரத்துக் கொட்டகைக்கோ போகின்றன. காய்கறி நிலங்களில் பல நீண்ட காலம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் இருந்தவை. அடுத்த ஆண்டு இருக்குமோ இருக்காதோ என்ற மண்ணில் யாரும் செங்கல் அடுக்க மாட்டார்கள். மரமும் தகரமும்தான் போடுவார்கள். மரமும் தகரமும் போட்டால் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தகரக் கூரையில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம், சொட்டுகிற தண்ணீரெல்லாம் மழைத் தண்ணீர் அல்ல என்பது. இரவில் தகரம் குளிர்கிறது. அடுப்பு நீராவியும் உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சும் தகரத்தின் அடிப்பக்கத்தில் பட்டு நீராகின்றன. மழையே பெய்யாத இரவுக்குப் பின் விடியலில் பாய் நனைந்திருந்தால் அது ஒழுக்கு அன்று, வியர்வை. இதை அறியாமல் புதுத் தகரம் மாற்றிக் காசை வீணாக்கிய வீடுகள் உண்டு. இதற்கு மருந்து, தகரத்துக்கு அடியில் பலகைத் தட்டு அடித்து, இரண்டுக்கும் இடையே காற்று போக வழி விடுவது. உண்மையான ஒழுக்கு பெரும்பாலும் ஆணித் துளையில்தான் தொடங்குகிறது. ஆணித் தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்து, தண்ணீருக்கு இடம் கொடுத்துவிடும். அந்த ஓட்டையை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மனைவி இருட்டான அறைக்குள் நின்று, ஒளிப்புள்ளி தெரியும் இடத்தில் குச்சியால் தட்டுகிறாள். கூரைமேல் இருப்பவர் சத்தம் வந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் அடையாளம் வைக்கிறார். அப்புறம் பழைய ஆணியைப் பிடுங்கி, அதைவிடப் பருத்த திருகாணியைப் புது வளையத்தோடு இறக்குகிறார். பாசி படிந்த தகரம் வழுக்கும். ஆகையால் ஏணியை ஒருவர் பிடிக்காமல் இன்னொருவர் ஏறுவதில்லை.

தண்ணீர் பல குடும்பங்களுக்கு மலையோடையிலிருந்து கறுப்புப் பாலிபைப்பில் வருகிறது. கனமழைக்கு மறுநாள் குழாய் நின்றுவிடும். ஓடையில் இருக்கும் வலைமூடியில் இலையும் வண்டலும் அடைத்திருக்கும். அதைக் கழுவிவிட்ட பிறகும் தண்ணீர் வராவிட்டால் மேடான வளைவில் காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு அருகிலுள்ள இணைப்பைக் கழற்றிக் காற்றை வெளியேற்றுகிறார்கள். விறைத்த குழாயின் நுனியைச் சுடுதண்ணீரில் முக்கி இளக்கி இணைப்பின்மேல் ஏற்றி, சூடு ஆறுவதற்குள் கவ்வியை முறுக்க வேண்டும். வீட்டிலிருந்து பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோவது இதற்காகத்தான். மிச்சமிருந்தால் அங்கேயே தேநீர் கலந்துகொள்வார்கள்.

இவற்றையெல்லாம்விட அதிகப் பயிற்சி கேட்பது வண்டி. கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் முட்டைக்கோஸ் மூட்டையும் உரமூட்டையும் சுமந்துகொண்டு ஏறுகின்றன. 1948-இல் பிரிட்டனில் இந்த வண்டி அறிமுகமானபோது அங்கே எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அந்தத் தற்செயல்தான் இந்த மலையில் அதன் ஆயுளை நீட்டியது, அலுமினியம் எஃகைப் போலத் துருப்பிடித்து உதிர்வதில்லை. ஆனால் அடிச்சட்டம் எஃகு. சேறும் உரத்தூளும் ஒட்டிய இடத்தில் அது உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே பளபளக்கும் வண்டியின் சட்டத்தில் சுத்தியால் தட்டினால், கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்கும். பழைய மாதிரிகளின் மூன்றாம் வரிசை 1985-இல் உற்பத்தி நின்றது. ஆகவே இங்கே ஓடுபவற்றில் பல, ஓட்டுகிறவரைவிட மூத்தவை. மாமனார் ஓட்டிய வண்டியை மருமகன் ஓட்டுவது சாதாரணம்.

மலைவண்டிக்கு உயிர் பிரேக். கம்போங் ராஜா பக்கம் இறங்கினாலும் ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கினாலும் வளைவுக்குமேல் வளைவு. இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் தலைமைச் சிலிண்டரிலிருந்து எண்ணெய் குழாய் வழியே ஓடி, சக்கரத்துக்குள் இருக்கும் சிறு சிலிண்டரைத் தள்ளும். எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி புகுந்தாலும் கால் பஞ்சில் மிதிப்பது போல உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் குழாயையோ சிலிண்டரையோ கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் காற்றை எடுத்தாக வேண்டும்.

சாதாரணக் கருவிகளோடு ஒரே ஆளால் இதைச் செய்வது கடினம். மனைவி ஓட்டுநர் இருக்கையில் அமர்கிறாள். கணவன் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, காற்றுத் திருகில் ஒரு தெளிவான ரப்பர்க் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் எண்ணெய் ஊற்றிய போத்தலில் முக்கி வைக்கிறான். “மிதி” என்றதும் அவள் மெல்ல மிதிக்கிறாள். “பிடி” என்றதும் காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்கிறாள். அவன் திருகைக் கால் சுற்றுத் திறக்கிறான். குமிழியோடு எண்ணெய் வெளியேறும், அவள் கால் தரைவரை இறங்கும். அவன் திருகை மூடிய பிறகுதான் “விடு” என்ற சொல் வரும். அதற்கு முன்னால் கால் எழுந்துவிட்டால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே உறிஞ்சப்படும், செய்த வேலை வீண். தலைமைச் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் இருக்கும் வலது முன்சக்கரத்தில் முடிப்பது முறை. நடுவில் எண்ணெய்த் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்வதும் பெடல் பக்கத்து ஆளின் பொறுப்பு. வற்றினால் முதல் சக்கரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

காலில் உணர்வு வருவது பெடலில் இருப்பவருக்குத்தான். கடினமாகிவிட்டதா, இன்னும் இளக்கமா என்று அவள்தான் சொல்ல முடியும். ஒரு பட்டறைப் பையன் மாதக்கணக்கில் கற்பதைச் சில வீட்டுப் பெண்கள் இப்படி உட்கார்ந்த இடத்திலேயே கற்றுவிடுகிறார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் கலந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்து ஆவியாகி, பெடலைப் பயனற்றதாக்கிவிடும். இந்த ஊரின் பனியில் திறந்த போத்தலை எடுத்துவைத்து அடுத்த மழைக்குப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவது. சிறு போத்தலாக வாங்கி, மிஞ்சியதைக் கொட்டிவிடுவதே சரி.

தேயிலைக் கருவிகளின் பழுது பெரியவர்களிடமிருந்து வருகிற கல்வி. ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ என்று விரலால் கிள்ளிய காலம் போய், சரிவுகளில் பை கட்டிய கத்தரியும், ஓரளவு சமமான இடங்களில் இருவர் தூக்கும் வெட்டு இயந்திரமும் வந்துவிட்டன. தேயிலை நிரையில் இறங்குகிறவர்களில் இன்று பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழ் இளைஞர்கள் மண்டோராகவும் (மேற்பார்வையாளராகவும்) தொழிற்சாலையிலும் வண்டியிலும் பட்டறையிலும் இருக்கிறார்கள். ஆனால் கத்தரி தீட்டத் தெரிந்த கை, வேலையை விட்டுவிட்ட தாயின் கைதான். தேயிலைச் சாறு இரும்பில் பட்டுக் கறுத்து ஒட்டிக்கொள்ளும். முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைக்கிறார்கள். அரத்தை ஒரே திசையில், கத்தியின் பழைய சாய்வை மாற்றாமல் ஓட்டுகிறார்கள். நடு ஆணி தளர்ந்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை, இலை வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கிய இலை தொழிற்சாலைக்குப் போகும் முன்பே பைக்குள் சிவக்கத் தொடங்கிவிடும். இயந்திரத்தில் தொல்லை வேறு வகை: அடைத்த காற்று வடிகட்டி, கரி படிந்த பிளக், எண்ணெய் அளவு தப்பிக் கலந்த பெட்ரோல், அறுந்த இழுகயிறு.

காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரை சில ஆண்டுகளில் மங்கிக் கிழியும். காற்று எழாத அதிகாலையில் இருவர் எதிரெதிர் ஓரத்தில் நின்று ஒரே அளவில் இழுத்துப் பூட்டினால்தான் மழைநீர் தேங்கும் தொய்வு விழாது. கீழே கீரையோ ஸ்ட்ராபெர்ரியோ நிற்கும்; கூரையில்லாமல் ஒரு மழை போனால் ஒரு விளைச்சல் போய்விடும்.

பணக் கணக்கு எளியதில்லை. மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்த பிறகு கையில் வருவதிலிருந்துதான் பெற்றோர் மருந்தும், தம்பி தங்கையின் படிப்புக்கு அனுப்புவதும், தகரமும் போக வேண்டும். மொத்தமாகப் பணம் தேவைப்படும்போது பெண்கள் தங்களுக்குள் கூட்டு (சீட்டு) போடுகிறார்கள். கூட்டை வணிகமாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தில் முகம் தெரிந்தவர்கள் நம்பிக்கையில் போடும் கூட்டில்தான் பல கூரைகள் மாறியிருக்கின்றன. எந்த மாதம் யார் எடுப்பது என்பதிலும் மழைக்காலம் பேசப்படும். கூரை மோசமாக இருக்கும் வீட்டுக்கு முதலில் விட்டுக்கொடுக்கும் பண்பை இங்கே காணலாம், அது பெருமைப்படத்தக்கது.

எந்த நாளில் பழுது பார்ப்பது என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கியா பார்ம் சாலை சுற்றுலா வண்டிகளால் நிரம்பிவிடும். கடை போடும் குடும்பத்துக்கு அந்த நாட்களில் வேறு எதற்கும் கை ஓயாது, உதிரிப் பொருள் வாங்கக் கீழே இறங்கித் திரும்புவதும் பாடு. ஆகவே பழுதுபார்ப்பு வாரத்தின் முற்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. கூடவே பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நாளும் அதே நாளாகிவிடுவதால், ஒரே இறக்கத்தில் மருந்தும் பிரேக் ஷூவும் திருகாணியும் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள்.

ஆண்டுக் கணக்கு வேறொரு சங்கடம் தருகிறது. தீபாவளி விழுவது அக்டோபர், நவம்பரில். அதுதான் மலையின் கன மழைக்காலம். பண்டிகைக்கு முந்தின வாரம் பூசிய சாயம் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். அனுபவப்பட்ட குடும்பங்கள் கூரையையும் சுவர்ப் பலகையையும் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடித்து, சாயத்தையும் அப்போதே அடித்துவிடுகின்றன. அழுகிய பலகையின் அடிமுனையைச் சாய்வாக வெட்டிப் புதுத் துண்டைப் பொருத்துவதும், மண்ணைத் தொடாமல் அதை ஒரு சாண் உயர்த்தி வைப்பதும் அந்த மாதங்களின் வேலை. மழை பிடித்த பிறகு உள்வேலை மட்டும் நடக்கிறது: மின் இணைப்புகளில் ஈரம் பார்ப்பது, கத்தரி தீட்டுவது, வண்டியின் உதிரிகளைத் துடைத்து எண்ணெய் தடவி டின்னில் பெயரெழுதி வைப்பது.