மறைத்து வைத்த பாதி

திருத்தணியில் பாஷை கற்றுக்கொள்வது பிரச்னையாக இருந்ததில்லை. ஆங்கிலம் கற்றுக்கொள்வதுதான் பிரச்னை. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்துக்கு வரும்வரை இது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஊர். ம.பொ.சி. முன்நின்ற எல்லைக் கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்த 1959ஆம் வருஷத்துச் சட்டமும் வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தின. பேச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து காவடியெடுத்து வருகிறவரிடம் அடிவாரத்தில் பூ விற்கிற பையன் தெலுங்கில் பேரம் பேசுகிறான். அடுத்து வருகிறவரிடம் தமிழில். இலக்கணம் சொல்லி யாரும் அவனுக்குத் தெலுங்கு கற்பிக்கவில்லை. வந்தவர் எவ்வளவு கொடுப்பார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் எவ்வளவுக்கு இறங்குவான் என்று வந்தவருக்குத் தெரியாது. இந்த இரண்டு தெரியாமைகளுக்கு நடுவில்தான் அவனுடைய தெலுங்கு வளர்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பையன்கள்தான் ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதில்லை. சாயங்காலங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவன் நான்; இந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுவது சுலபம். இரண்டு பாஷைகளில் பிழைக்கத் தெரிந்தவன் மூன்றாவதில் மட்டும் எப்படி மந்தமாகிறான் என்பதுதான் கேள்வி.

ஐம்பதுகளின் இறுதியில், வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை சென்னை ராஜ்யத்தின் ஆசிரியர்களிடையே பெரிய அளவில் பரப்பப்பட்டது. வாத்தியார் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ புக்' என்பார். வகுப்பு திருப்பிச் சொல்லும். அது புத்தகம் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தவர்களிடமே சொல்வதற்குச் சடங்கு என்று பெயர்.

இதற்கு மாற்றாக ஒன்றைச் செய்து பார்த்தவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் 1979 முதல் 1984 வரை அவர் முன்னின்று நடத்திய பரிசோதனை 'பெங்களூர் திட்டம்' என்ற பெயரில் வெளிநாடுகளிலும் விவாதிக்கப்பட்டது. 1987ல் அது பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. மனம் அர்த்தத்தில் ஈடுபட்டிருக்கும்போதுதான் பாஷையின் அமைப்பு அறியாமலேயே உள்ளே படிகிறது என்பது அவர் கட்சி. ஆகவே இலக்கணப் பட்டியலை ஒதுக்கிவிட்டு ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார். ஒரு கணக்கை வாத்தியாரும் வகுப்பும் சேர்ந்து போடுவார்கள். அதைப் போன்ற இன்னொன்றை மாணவன் தனியே போட வேண்டும். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாதிருப்பது, கொடுத்ததிலிருந்து யோசித்துக் கொடுக்காததைக் கண்டடைவது, சொந்த அபிப்பிராயத்தைத் தேடிச் சொல்வது என்று மூன்று இடைவெளிகளை அவர் வகுத்தார். பூக்கடையில் நடப்பது இதில் முதலாவது.

இப்போது கருவிகளுக்குக் குறைவில்லை. 2018ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கட்டங்கள் அச்சாகின. போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். 2019ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. வீட்டில் ஆங்கிலச் சத்தமே கேட்டிராத குழந்தைக்கு இவற்றால் ஒரு குரல் கிடைக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரை தானே கேள்வி கேட்கிறது, தானே பதிலும் சொல்லிவிடுகிறது. குழந்தைக்கு மிஞ்சுவது கூடச் சேர்ந்து பாடுவது. பழைய கோஷ்டி கானம்தான். வர்ணம் மட்டும் புதிது.

நான் செய்வது மிகவும் எளிய காரியம். ஒரு போன், இரண்டு பிள்ளைகள், முதுகோடு முதுகாக. ஸ்டேஷனிலிருந்து ஓரிடத்துக்கு வழி சொல்லும் ஆங்கிலக் குரல் ஒருத்தியின் காதில் மட்டும் விழும். பெயர் எழுதாத தெருப்படம் மற்றவன் கையில் இருக்கும். அவள் சொன்னால்தான் இவன் கோடு போட முடியும். இன்னொரு நாள் பாட்டி காட்பாடியிலிருந்து வருகிறாள். அரக்கோணத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். சாயங்காலத்துக்குள் மலைக்கு வந்தாக வேண்டும். காட்பாடி வண்டிகளின் நேரம் ஒருவனிடம், அரக்கோணத்துக்கு இப்பால் ஓடும் வண்டிகளின் நேரம் மற்றவனிடம். 'திஸ் டிரெயின் நோ. பாட்டி லேட். நெக்ஸ்ட் வென்?' என்கிறான் ஒருவன். இலக்கணம் கந்தல். ஆனால் அவனுக்கு வேண்டியதைக் கேட்கிற வாக்கியம், எந்தப் பாடநூலிலும் இல்லாதது.

பிரபுவே இதை முழுக்க ஒப்பமாட்டார். ஜோடி சேர்த்தால் ஒருவர் பிழை மற்றவர் பிழையை உறுதிப்படுத்திவிடும் என்று அவர் அஞ்சினார். வாத்தியாரின் பாஷை நடுவில் இருக்க வேண்டும் என்றார். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் முதல் கணக்கை நான் எல்லோரோடும் சேர்ந்து போடுகிறேன். கடைசியில் கந்தல் வாக்கியத்தை முழுசாகத் திருப்பிச் சொல்கிறேன். ஆனால் என் பிள்ளைகளிடம் முதலில் உடைய வேண்டியது மௌனம். பிழை அதற்கு அடுத்த வியாதி.

'இதற்கு மார்க் உண்டா?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். இல்லை. பரீட்சை இதைக் கேட்பதில்லை. அவர்கள் கவலையைக் கேலி செய்ய நமக்கு யோக்கியதை கிடையாது. அந்த மார்க்கை நம்பித்தான் பல வீடுகளில் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற நம்மில் எத்தனை பேருக்கு வகுப்பில் ஆங்கிலம் வந்தது? காஃப்காவைத் தமிழில் படிக்க வழியில்லாமல், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் முட்டிமோதியவர்கள் நாம். அந்தப் பக்கத்தில் நமக்குத் தெரியாத ஏதோ இருந்தது. அதற்காகப் பாஷையைக் கடந்தோம். நாம் தற்செயலாக அடைந்த அந்தத் தேவையைப் பூக்கடைப் பையனுக்கு வகுப்பிலேயே உண்டாக்கித்தர முடியும். செலவு ஒன்றுமில்லை. பாடம் தயாரிக்கிறவர்கள் தங்களிடம் இருப்பதை எல்லாம் திரையில் கொட்டாமல், பாதியை மறைத்து வைக்கச் சம்மதிக்க வேண்டும்.