திருவிழா இரவும் நான்கு ஒலிவாங்கிகளும்

நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே அமைந்த வாத்தியங்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே வளர்ந்த மேளச்சமாவை நான்கு சுவர்களுக்குள் வைத்துப் பதிவு செய்தால் வாசிப்பு எஞ்சும், வீதி எஞ்சாது. வெளியிலே பதிவு செய்யப் புகுந்தாலோ காற்று, மின்பிறப்பாக்கி, ஒலிபெருக்கி, கச்சான் விற்பவரின் குரல் என்று யாவும் வாசிப்போடு வந்து கலந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்குமிடையே ஒரு வழி உண்டா என்ற கேள்வி, கலைப்பீட மாணவனாகிய எனக்குச் சென்ற ஆண்டு எங்களூர்த் திருவிழாவை ஒட்டி எழுந்தது.

அதற்குக் காரணம் உண்டு. எங்களூர்த் தவில் வித்துவான் எழுபது வயதைக் கடந்தவர். அத்திருவிழாவோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அவருடைய இளமைக்கால வாசிப்பை என் தந்தையார் ஒலிநாடாக்களிலே பதிந்து வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே அவை வீட்டோடு போயின. இன்று கைத்தொலைபேசியிற் பிடித்த காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் தொலைபேசியானது மெல்லிய ஒலியைத் தானாகவே உயர்த்தி, வலிய ஒலியைத் தானாகவே தாழ்த்தி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றது. தவிலின் ஏற்ற இறக்கத்தை அதிலே தேடிப் பயனில்லை.

ஒலிவாங்கிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. டைனமிக் வகையிலே, மென்றகட்டோடு பிணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்னைத் தோற்றுவிக்கின்றது. அது பேரொலியைத் தாங்கும். ஈரலிப்புக்கும் எளிதில் அஞ்சாது. ஆனால் தூரத்து நுண்ணொலிகளை வாங்குவதில் வலிமை குன்றியது. கண்டென்சர் வகையிலே, மின்னேற்றம் பெற்ற இரு தகடுகளுக்கிடையேயுள்ள இடைவெளி மாறுவதால் ஒலி மின்னாகின்றது. அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ற்று மின்னூட்டம் வேண்டும். அது கூரிய செவியுடையது. எனவே காற்றையும் கூராகவே கேட்கும்.

இரவலாகப் பெற்ற ஒலிவாங்கிகளில் இரண்டு கண்டென்சர்கள், இரண்டு டைனமிக்குகள். கண்டென்சர்களை மேடைக்கு 5 மீற்றர் முன்னே உயரமான தாங்கியொன்றில், பிரெஞ்சு வானொலியினர் வகுத்த முறைப்படி 17 சென்ரிமீற்றர் இடைவெளியும் 110 பாகைக் கோணமும் அமைய வைத்தேன். மயிரடர்ந்த காற்றுறையும் போர்த்தினேன். டைனமிக்குகளைத் தவிலின் இரு முகங்களுக்கும் அருகே வைத்தேன்: கூடணிந்த விரல்கள் பேசும் வலந்தலைக்கு ஒன்று, கழி பேசும் இடந்தலைக்கு ஒன்று. நாதஸ்வரத்துக்குத் தனியாக எதுவும் வைக்கவில்லை. அதன் ஒலி அணசிலிருந்து மட்டுமன்றி விரற்றுளைகளிலிருந்தும் புறப்படுவதால், சற்றுத் தள்ளி நின்று கேட்டாலே அது முழுமை பெறும். கோயிலார் அன்றிரவு மேடையருகே இருந்த ஒலிபெருக்கிகளை வெளிப்புறமாகத் திருப்பித் தந்தது பேருதவியாயிற்று.

இருவகையையும் வெறுமனே கூட்டினால் நன்மை விளையாது. வெப்பமான இரவிலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். ஆதலால் தவிலருகே உடனே பதிவாகும் அடி, 5 மீற்றர் தொலைவிலுள்ள ஒலிவாங்கிக்கு ஏறத்தாழ 14 மில்லிசெக்கன் பிந்தியே போய்ச் சேரும். கலவையிலே ஒவ்வோர் அடியும் இரட்டித்து அதன் கூர்மை மழுங்கும். வாசிப்புக்கு முன் தட்டப்பட்ட ஓர் ஒற்றை அடியை அளவாகக் கொண்டு, அருகிற் பதிந்தவற்றை அவ்வளவு நேரம் பின்தள்ளினேன். இன்னொன்றும் உண்டு. ஒரு முகத்தை அடித்து உட்செலுத்தும்போது உள்ளிருக்கும் காற்று மற்ற முகத்தை வெளியே தள்ளுவதால், இரண்டு பதிவுகளின் தாழ்ந்த ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்க முற்படும். ஒன்றின் முனைவைத் தலைகீழாக்கியதும் தவில் தன் கனத்தை மீளப் பெற்றது.

இக்கூட்டின் சிறப்பு காற்றிலேதான் தெரிந்தது. காற்றின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் நிற்பது. கண்டென்சர் பதிவிலே அப்பகுதியைக் குறைத்துவிட, இடந்தலையின் தாழ்ந்த நாதத்தை டைனமிக் பதிவு ஈடுசெய்தது. ஒன்றன் குறையை மற்றது நிறைத்தது.

இரு வாரங்களின் பின் வித்துவானின் வீட்டுக்குச் சென்றேன். தவிலருகே பதிந்தவற்றை மட்டும் முதலிற் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு விரலும் தெளிவாகக் கேட்டது. அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இது வீட்டிலை இருந்து சாதகம் பண்ணினது மாதிரிக் கிடக்கு" என்றார். பின்னர் நான்கும் சேர்ந்த கலவையைக் கேட்டார். தனியாவர்த்தனத்தின் நடுவே கூட்டத்திலிருந்து "பேஷ்" என்றொரு குரல் எழுந்தது. நிறுத்தச் சொன்னார்; மீண்டும் கேட்டார். பல ஆண்டுகள் அவருக்குத் தாளம் போட்டவரின் குரல் அது. பார்வை குன்றியபின் அவர் கோயிற்பக்கம் வருவதில்லை என்றே வித்துவான் எண்ணியிருந்தார்.

"அவன் வந்திருந்தவனோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அக்குரல் தவிலருகேயிருந்த ஒலிவாங்கிகளில் இல்லை. தூரத்தே நின்ற கண்டென்சர்களே அதனை வாங்கியிருந்தன. தெளிவை மட்டும் நோக்கிப் பதிந்திருந்தால் அவ்விரவின் வாசிப்பு கிடைத்திருக்கும். அதைக் கேட்டிருந்தவர் கிடைத்திருக்கமாட்டார். கேட்போர் அற்ற மேளச்சமா முழுமையான மேளச்சமா ஆகுமா என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

நான்கு பதிவுகளையும் கலவாது தனித்தனியே, மூன்று பிரதிகளாக, மூன்று இடங்களிலே வைத்திருக்கின்றோம். ஒலிநாடாக்களை இழந்த குடும்பம் இவ்வளவாவது கற்றிருக்க வேண்டும். கலவையை நாளை வேறொருவர் என்னிலும் திறம்படச் செய்யக்கூடும். ஆனால் அவ்விரவிலே வாங்கப்படாத ஒலியைப் பின்னர் எவராலும் சேர்த்துவிட இயலாது.