தஸ்பீஹும் பந்தும்

ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என விரல்களில் எண்ணிக்கொண்டிருப்பேன். செவியோ காயல்பட்டினத்துக் கடற்கரையில் இளைஞர்கள் பந்து உதைக்கும் ஓசையை நாடும். இது ஷைத்தானின் ஊசலாட்டம் என்றஞ்சி, ஈராண்டுகள் விளையாட்டையே துறந்திருந்தேன். திக்ரில் மனம் ஒன்றியதா? இல்லை, உறக்கமே வந்தது. ஸஜ்தாவிலிருந்து எழுகையில் முழங்காலும் முனகத் தொடங்கிற்று.

அந்நாளில்தான், நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஓடிய செய்தியை மீண்டும் வாசித்தேன். முதலில் அன்னையார் வென்றார்கள். காலம் சென்றபின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள்; அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சொல்லவும் செய்தார்கள். இரவில் பாதங்கள் வீங்க நின்று வணங்கிய அவர்களுக்கு அந்த ஓட்டம் இடையூறாகத் தோன்றவில்லையே!

இப்போது சூரியன் எழும்வரை பள்ளிவாசலில் திக்ரில் அமர்கிறேன். பிறகு மணலில் இறங்குகிறேன். ஆட்டத்தின் நடுவே மூச்சு வாங்கி நிற்கும் வேளையில், எண்ணிக்கை ஏதுமின்றி, அல்ஹம்துலில்லாஹ் தானாகவே நாவில் எழுகிறது. தோற்ற நாள்களில் மட்டும் சற்றுத் தாமதமாக.