பரத்பூருக்கு வெள்ளமும் வேண்டும், வற்றலும் வேண்டும்

பரத்பூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோதான் போகிறார்கள். ஆக்ராவிலிருந்து மேற்கே சுமார் 55 கிலோமீட்டர். தாஜ்மகாலைப் பார்த்த கையோடு இன்னொரு பகல். வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, இருபுறமும் நீர் விரிந்த கரைமேல் போனால் ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன், நாமக்கோழி என்று மூடுபனிக்குள்ளிருந்து கூட்டம் கூட்டமாகத் தென்படும். இப்படிப் பார்த்துத் திரும்புகிறவருக்குக் கேவலாதேவ் தேசியப் பூங்கா 29 சதுர கிலோமீட்டரில் பறவைகள் நிறைந்த ஓர் ஏரி. உண்மையில் அது கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகளின் வெள்ளம் பரவி வடிகிற தாழ்நிலம். பறவைகளை அங்கே நிறுத்தி வைப்பது நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்தான் என்பது என் கட்சி. குளிர்காலத்தில் மட்டும் பார்க்கிறவர் இதைத் தவறவிட்டால் பெரிய நட்டமில்லை. பூங்காவைக் காக்கத் திட்டம் போடுகிறவர்கள் தவறவிட்டபோதுதான் சிக்கல் வந்தது.

ஜூலையில் தொடங்க வேண்டும். மழை வெள்ளம் அஜான் பந்த் என்ற பழைய மண் அணையில் தேங்கி, கால்வாய் வழியாகப் பூங்காவுக்குள் நுழையும். தண்ணீர் தனியாக வருவதில்லை. ஒரு நல்ல பருவத்தில் ஆறரைக் கோடி மீன்குஞ்சுகள் அதோடு வந்து சேர்கின்றன என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு. நீரில் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை முதலில் கூடு கட்டும். மஞ்சள்மூக்கு நாரை ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். மீன்குஞ்சு வளர்ந்து இரையாகிற நேரமும் நாரைக்குஞ்சு வாய் பிளக்கிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. பஞ்சாங்கத்தை வைத்து நாரை நாள் குறிப்பதில்லை என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது: இதே மஞ்சள்மூக்கு நாரை கூந்தன்குளத்தில் வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்பிய பிறகுதான் கூடு கட்டுகிறது. இரண்டு ஊருக்கும் மாதம் வேறு, காரணம் ஒன்று.

அக்டோபரில் சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வாத்துகள் வருகின்றன. அவற்றுக்கு வேண்டிய ஆழம் வேறு. ஊசிவாலும் கிளுவையும் முங்கி மேய்பவை அல்ல. தலையை நீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, கழுத்து எட்டுகிற மட்டத்தில் விதையும் கிழங்கும் தேடுபவை. ஏறக்குறைய ஒரு முழத்துக்கு மேல் ஆழமிருந்தால் அடியிலுள்ள தீனி இருந்தும் இல்லாத மாதிரிதான். வெள்ளம் மெல்ல வடிவதால் அந்த ஒரு முழ ஆழம் வாரத்துக்கு வாரம் இடம் மாறுகிறது. நேற்று எட்டாத தரை இன்று எட்டுகிறது. ஓரத்தில் வெளிப்படும் சேற்றில் உள்ளான்கள் குத்தித் தின்னும். ஈரம் காயாத குறும்புல்லில் வரித்தலை வாத்துகள் மேயும். நீர் அக்டோபர் மட்டத்திலேயே மார்ச் வரை நின்றிருந்தால் இவற்றில் பாதிக்கு அங்கே வேலையில்லை. மே, ஜூனில் பள்ளங்களில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். நெருக்குண்ட மீன்களைத் தேடிப் பெரிய பறவைகள் கூடும். மற்ற இடமெல்லாம் வெடித்த மண்.

அப்படியானால் அந்தக் கோடையைத் தவிர்த்து ஆண்டு முழுவதும் நீர் நிறுத்தினால் பறவைகள் இன்னும் பெருகாதா என்று கேட்பது நியாயமே. பெருகாது. நீர் வற்றாத இடத்தில் சதுப்புச் செடிகள் அடர்ந்து மூடும். வெயிலில் காய்ந்து மட்கிய புல்லும் சாணமும் அடுத்த வெள்ளத்தில் கரைந்து கொடுக்கும் உரம் கிடைக்காது. புல்லைக் கட்டுக்குள் வைத்தவற்றில் எருமைகளும் இருந்தன. 1982-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்து மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்துத் திரண்ட கிராமத்தார்மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அந்தப் பத்தாண்டில் நடத்திய நீண்ட ஆய்வின் முடிவு, தடையை ஆதரித்தவர்களுக்கே அதிர்ச்சி. எருமைகள் போனதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் திறந்த நீரை அடைத்து, வாத்துகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. பூட்டிவைத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது. இந்த நிலத்தில் இயற்கை எங்கே இருக்கிறது? அஜான் பந்தைக் கட்டியது 18ஆம் நூற்றாண்டில் பரத்பூர் அரசர் சூரஜ் மல். கரைகளும் மதகுகளும் பிற்காலத்து மகாராஜாக்கள் வாத்து வேட்டைக்காகப் போட்டவை. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்ததை இன்றும் அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. எல்லாம் செயற்கை என்றால் குழாயில் தண்ணீர் விட்டாலென்ன? அரசர்கள் வெள்ளத்தை உண்டாக்கவில்லை. வந்த வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். மதகு மனிதனுடையது, அதற்குள் வந்த மீனும் விதையும் வண்டலும் ஆற்றினுடையவை. ஆழ்துளைக் கிணற்று நீரால் தரையை நனைக்கலாம். அதில் ஒரு மீன்குஞ்சுகூட வராது.

இந்த வேறுபாடு காகிதத்தில் நிற்கவில்லை. கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை வந்த பிறகு கீழே வெள்ளம் அருகியது. 2004-ல் பூங்கா கிட்டத்தட்ட வறண்டது; நாரைகள் கூடு கட்டவில்லை. பின்னர் சம்பல் நீரைக் குழாய் வழியாகவும், கோவர்தன் வடிகாலிலிருந்து மழைநீரையும் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. (சைபீரியப் பெருங்கொக்கு 2002-க்குப் பிறகு வராததையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது சரியில்லை, அந்தக் கொக்குகளை அழித்ததில் வலசைப் பாதையில் நடந்த வேட்டைக்குப் பெரும் பங்கு.) கரௌலி உழவர்கள் தங்கள் அணை நீரைப் பறவைகளுக்கு ஏன் விட வேண்டும் என்று கேட்டால், அவர்களைப் பறவைப் பகைவர் என்று சொல்வது அநியாயம். ஆனால் அவர்களுக்கு நீர் வேண்டியது குளிர்காலக் கோதுமைக்கும் கடுகுக்கும். பூங்காவுக்கு வேண்டியது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வெள்ளம். அணை நிரம்பி வழியும் ஆண்டில் இரண்டும் மோதத் தேவையில்லை.

அணை நிரம்பாத ஆண்டில் இந்த வாதம் செல்லாது. அப்போது உழவருக்கே முதலிடம் என்பேன். ஒரு வறட்சியைப் பறவைகள் தாங்கும். வாத்துகள் வேறு நீர்நிலைக்குப் போகும், நாரைகள் ஒரு பருவம் கூடு கட்டாமல் கழிக்கும். தாங்காதது நிலம்தான். அடுத்தடுத்துச் சில ஆண்டுகள் நீர் நிற்காவிட்டால் அங்கே சீமைக்கருவேலம் ஏறிவிடுகிறது. நம் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. பரத்பூரிலும் அதுதான் நடந்தது. சுற்றுக் கிராமத்தாரைக் கொண்டே அதை வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று.