கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்

கடலூர் பேருந்து நிலையத்திலும் சிதம்பரம் கடைவீதியிலும் அடிக்கடி கண்ணில் படும் காட்சிதான். ஒரு குழந்தையின் படம் போட்ட பேனர், கீழே வியாதியின் பெயரும் தேவைப்படும் தொகையும், பக்கத்தில் ஒரு உண்டியல். நம் ஜனங்கள் முகம் சுளிக்காமல் போடுகிறார்கள். பூ விற்கிற அம்மாள் பத்து ரூபாய் போட்டுவிட்டு, படத்திலிருக்கும் குழந்தையைக் கண்ணால் ஒருமுறை தடவிக்கொடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். 2021-ல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்குத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஒரே ஊசி 16 கோடி ரூபாய் என்றார்கள். அந்தப் பணமும் முன்பின் தெரியாதவர்கள் கொடுத்துச் சேர்ந்தது.

அந்த ஈரத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு கவலை. பேனரில் வைக்கத் தோதான முகத்துக்குப் பணம் வருகிறது. அறுபது வயதில் சிறுநீரகம் கெட்டுப்போன விவசாயக் கூலிக்கு யார் பேனர் வைப்பார்கள்? அவர் மனைவிக்கு யார் வைப்பார்கள்?

மனைவியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் சீட்டு எழுதும்போதே கேட்பார்கள்: “கூட யார் வந்திருக்கீங்க?” கூட ஒரு ஆள் இல்லாமல் இங்கே வைத்தியமே நகராது. ரத்தச் சாம்பிளைக் கொண்டுபோய்க் கொடுப்பது, ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது, காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் ஜெராக்ஸ் எடுத்து வருவது, ராத்திரி பாட்டில் தீரும்போது நர்ஸம்மாவை எழுப்புவது எல்லாம் அந்த ஆள்தான். காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் படிக்கட்டில் உட்கார்ந்து பன்னைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். “அவருக்கு உள்ள சாப்பாடு குடுக்கறாங்க சார். பாதி எனக்கு ஒதுக்கி வெப்பாரு. நான் சாப்பிட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டு வெளிய வந்துடுவேன்” என்றார். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணிவிட்டு மறுபடி முடிந்துகொண்டார். கூலிக்குப் போகாத நாட்களின் கணக்கு அந்த முடிச்சுக்குள் இருந்தது.

பெரிய செலவுகளுக்கு இன்று ஓரளவு வழி பிறந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அண்ணாமலைநகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. மாணவர்கள் நாட்கணக்கில் போராடிப் பெற்ற மாற்றம் அது. ஆபரேஷனுக்கு இனி நிலத்தை விற்க வேண்டாம் என்று பலர் மூச்சு விட்டார்கள். ஆனால் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை வரவேண்டும். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துவிட்டுத் தலைசுற்றலோடு எழுந்தவரால் நெரிசலில் பஸ் ஏற முடியாது. ஆட்டோக்காரருக்குக் கொடுக்கும் காசு எந்தக் காப்பீட்டிலும் வராது. வைத்தியம் இலவசம் என்று தெரிந்தும் பாதியில் வராமல் நின்றுவிடுகிறவர்கள் இந்தக் காசில்தான் நிற்கிறார்கள்.

வைத்தியத்தைச் சுற்றியுள்ள இந்தச் சின்னத் தேவைகளை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 கட்டில் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, சொல்கிறது. மருத்துவருக்கு மட்டுமல்ல, மூலிகையும் விறகும் கொண்டுவருகிறவர்களுக்கும் பணிவிடைப் பெண்களுக்கும்கூட அதில் படி எழுதியிருக்கிறது. சின்ன வேலை என்று யாரையும் விட்டுவிடவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் வடலூர் இருக்கிறது. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஊர் ஊராக வந்து இறங்கும் அரிசியும் காய்கறியும்தான் அதன் மூலதனம். பசித்தவரிடம் என்ன சாதி, என்ன வியாதி என்று அங்கே கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கடற்கரை சிதைந்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குப்பத்து மக்களுக்குச் சோறு போட்டதும் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்ததும் இந்த மண்ணின் குணம்தான்.

பணம் திரட்டுவதோடு வேலையையும் பங்கு போட்டுக்கொள்ளும் முறை ஒன்றை அரவிந்த் கண் மருத்துவமனை முகாம்களில் காணலாம். புதுச்சேரிச் சாலையில் தவளக்குப்பத்தில் இருக்கிறது அவர்களுடைய மருத்துவமனை. டாக்டரும் சிகிச்சையும் அவர்கள் பொறுப்பு. இடம், நோட்டீஸ், தண்டோரா, சாப்பாடு எல்லாம் முகாம் நடத்தும் ஊர்க்காரர் பொறுப்பு. கண்புரை உள்ளவரைப் பஸ்ஸில் ஏற்றிப் போய், ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். பாட்டிக்குக் கண் தெரிகிறதென்றால், அந்தப் பஸ்ஸுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

இந்தூரில் 1994-ல் பிளேக் பீதியின்போது பெரிய அரசு மருத்துவமனை ஒன்றை எலித்தொல்லையிலிருந்து மீட்க ஊர்மக்கள் பணம் போட்டார்கள். அங்கிருந்து பரவியதுதான், அரசு மருத்துவமனைக்கு ஊர்மக்களும் கைகொடுக்கும் நோயாளிகள் நலச் சங்கம் என்ற ஏற்பாடு. நம் அரசு மருத்துவமனைகளிலும் அது உண்டு. எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆருத்ரா தரிசனத்துக்குப் பந்தல் போடும் சிதம்பரத்து வியாபாரிகள் சிலரிடம் ஒரு பொது நிதி தொடங்கலாமா என்று பேசிப் பார்த்தேன். துணைக்கு வந்தவருக்கு இருவேளைச் சாப்பாடு, டயாலிசிஸ் முடித்துப் போகிறவருக்கு ஆட்டோக் காசு, இவ்வளவுதான் நிதியின் வேலை. யார் படமும் வேண்டாம், கடைக்குக் கடை ஒரு உண்டியல் போதும் என்றேன். மளிகைக்கடைக்காரர் உடனே கேட்டார்: “தரலாங்க. கணக்கை யாரு எழுதறது?” நியாயமான கேள்வி. வசூல் என்றாலே ஜனங்கள் பின்வாங்குவதற்குக் காரணம் கருமித்தனம் அல்ல, கணக்கு காட்டாமல் போனவர்கள்தான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் முன்வந்திருக்கிறார். மாதம் பிறந்தால் வரவும் செலவும் கடைவாசல் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. கரும்பலகையை மளிகைக்கடைக்காரரே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.