சவுடு அள்ளும் முன் ஒரு நடை

ராமநாதபுரம் மாவட்டத்தின் உச்சிப்புளிக்கு வடக்கே, பனையும் சீமைக்கருவேலமும் மண்டிய ஒரு தரிசில், தொல்லியல் மேற்பரப்பாய்வுக் குழுவோடு விடிந்ததும் இறங்கினேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. அதற்காகவே அவர்கள் காத்திருந்தார்கள். மேல்மண் கழுவப்பட்டால் பானை ஓடுகள் கண்ணுக்குத் தட்டுப்படும்.

ஆளுக்கொரு தடம் பிரித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடந்தார்கள். எலி வளை வாசலில் தள்ளிய மண், சாய்ந்த பனையின் வேர்க்குழி, கிணற்றின் பக்கவாட்டு மண்ணடுக்கு என எதையும் விடவில்லை. தோண்டாமலே நிலத்தின் உள்ளே இருப்பதைச் சொல்லும் இடங்கள் இவை. அகழாய்வுக் குழிகளில் வேலை செய்து பழகிய உள்ளூர் அம்மா ஒருவர் என் கையில் இரண்டு சில்லுகளை வைத்தார்.

"தட்டிப் பாருங்க தம்பி. மண்ணாங்கட்டி உதிரும். சுட்ட ஓடு கணீர்னு கேக்கும்."

வாய் விளிம்புச் சில்லு கிடைத்தால் எல்லோரும் கூடிவிடுவார்கள். பானையின் வடிவத்தையும் காலத்தையும் கணிக்க விளிம்புதான் கைகொடுக்கும். கிடைத்த இடத்தைக் குறித்து, சீட்டு எழுதி, பையில் போட்ட பிறகே அடுத்த அடி. எங்கே கிடைத்தது என்று தெரியாத ஓட்டுக்குப் பாதி மதிப்புதான்.

இந்தப் பகுதியில்தான், வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, அழகன்குளம் இருக்கிறது. அங்குள்ள கோட்டைமேட்டில் 1980களில் தொடங்கி 2017 வரை தமிழகத் தொல்லியல் துறை பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகள், ஆம்போரா சாடித் துண்டுகள், தமிழி எழுத்துள்ள ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு எல்லாம் அந்த மேட்டில் கிடைத்தவை. மாவட்டத்தின் தெற்குக் கடற்கரையில் பெரியபட்டினம் சீனப் பீங்கான்களைத் தந்தது.

இதே மாவட்டத்தில் வரும் பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ராமேசுவரம் போகும் வண்டிகளின் நெரிசலைப் பார்த்தவர்கள் அந்தச் சாலை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். என் கவலை சாலைக்கு மண் வரும் இடத்தைப் பற்றியது. தட்டையான இந்தச் சீமையில் சாலையை உயர்த்தச் சவுடு மண் வேண்டும். அள்ளுவதற்குத் தோதானது மேடு. பழைய ஊர்கள் புதைந்து கிடப்பதும் மேடுகளில்தான்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது என்கிறது மத்தியத் தொல்லியல் சட்டம். பட்டியலில் ஏறாத மேட்டுக்கு அந்த வேலி கிடையாது. புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் பொருள் வெளிப்பட்ட பிறகே வேலை செய்யும். பிரான்சிலோ 2001ஆம் ஆண்டுச் சட்டம், கட்டுமானத்துக்கு முந்தைய தொல்லியல் ஆய்வுக்குத் தனி நிறுவனமே அமைத்தது.

நாம் கேட்பது பெரிதல்ல. சாலைத் தடத்தோடு சவுடு எடுக்கும் இடத்தையும் ஆய்வில் சேர்க்க வேண்டும். உரிமம் தரும் முன் பயிற்சி பெற்ற கண்கள் அந்த நிலத்தில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். குழிகளில் பழகிய உள்ளூர்ப் பெண்களுக்கு அதில் கூலியோடு இடம் தர வேண்டும். உங்கள் ஊரில் லாரி கொட்டிய மண்ணில் பழைய பானை ஓடுகள் தென்பட்டால், அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.